நீ வளர்ப்பதாகச் சொன்ன செல்கள்

கௌதம், நீ உன் சித்தி தனத்திடம் பொய் சொன்னாய். ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதல்ல, நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவள் மார்பிலிருந்து எடுத்த கட்டிக்குள் இருந்த செல்கள் உன் லேபில் வளரவில்லை. ஒன்றுகூட வளரவில்லை. உன் மேசைக்கு வந்து சேர்ந்தபோதே அவை செத்திருந்தன. அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஏனென்றால் அவற்றைக் கொன்றவள் நான். தனத்துக்கு மட்டும்தான் தெரியாது. அவள் ஸ்ரீராம்புரத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "என் புள்ள என் செல்ல வளக்குறான், கோடி கோடியா ஆக்கி எனுக்கே ஊசி போடுவான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

இதை ஊர் படிக்கிற இடத்தில் ஏன் எழுதினாய் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நான் ஃபோன் செய்தால், "செல் கல்ச்சர்ல இருக்கேன்மா, கையில கிளவுஸ் இருக்கு" என்கிறாய். கிளவுஸைக் கழற்றிய பிறகும் நீ கூப்பிடுவதில்லை. அடுத்த மாதம் விமானம் ஏறப்போகிறாய். மூன்று வருட வேலை, பெரிய லேப், குளிர் தேசம். நீ போவதைத் தடுக்க இதை எழுதவில்லை. போவதற்கு முன் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத் தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் கான்ட்ராக்ட் ஊழியர் சங்கம் நடத்தும் மாதப் பத்திரிகையில் இதுவரை சம்பளம், லீவு, கழிவறை பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை உன்னைப் பற்றி எழுதுகிறேன். என்னைப் பற்றியும். மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

நான் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் அட்டெண்டர். இருபத்திரண்டு வருடமாக அதே தியேட்டர், இருபத்திரண்டு வருடமாக கான்ட்ராக்ட். டாக்டர் வெட்டி எடுப்பதை நர்ஸ் தட்டில் வைப்பார். நான் அதை டப்பாவுக்கு மாற்றி, மூழ்கும்வரை ஃபார்மலின் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, கீழே பரிசோதனைக்கூடத்துக்குத் தூக்கிப் போகவேண்டும். ஃபார்மலின் சதையை அழுகவிடாது, அப்படியே கெட்டியாக்கி நிறுத்திவிடும். உயிரையும் சேர்த்து நிறுத்திவிடும். எத்தனை பேருடைய மார்பு, நாக்கு, கர்ப்பப்பை இந்தக் கையால் லிஃப்டில் இறங்கியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. கைக்கு ஒன்றே ஒன்று தெரியும். சதை வந்தால் ஃபார்மலின். மண்டை யோசிப்பதற்கு முன்பே கை மூடியைத் திருகிவிடும்.

எனக்கு ஷிஃப்ட் இருந்த நாளெல்லாம் உன்னை வளர்த்தவள் தனம். உன் அப்பா போனபோது உனக்கு இரண்டு வயது. அவள் கல்யாணம் வேண்டாம் என்று தியாகம் செய்தாள் என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன். அவளுக்குப் பிடித்த ஒருத்தன் இருந்தான், அவன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், அவ்வளவுதான். அவள் பௌர கார்மிகர், மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர், விடியும் முன்பே தெரு பெருக்கப் போகவேண்டும். உன்னைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, ஒரு கையில் துடைப்பமும் ஒரு கையில் உன் பால்புட்டியுமாக மல்லேஸ்வரம் ரோடு முழுக்கப் பெருக்குவாள். நீ முதலில் அம்மா என்று கூப்பிட்டது அவளைத்தான். நான் அன்றைக்கு அவளிடம் சண்டை போட்டேன். "நானா சொல்லிக் குடுத்தேன்? நீ ஊட்ல இருந்தாத்தானே உன்னக் கூப்டும்?" என்றாள். அதற்காக ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன். இதை இப்போது சொல்வதற்குக் காரணம் பிறகு வரும்.

அவளுக்கு மார்பில் கட்டி, புற்றுதான் என்று ரிப்போர்ட் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் தட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நீ வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். அவள் உன்னைக் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா கௌதமு, ஒடம்புக்குள்ள போலீசு கீதுன்னு சொல்லுவியே, இவ்ளோ நாளா அது இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு? மாமூல் வாங்கினு போச்சா?" நீ சிரித்துவிட்டாய். "கிட்டத்தட்ட அப்படித்தான் சித்தி" என்றாய். பிறகு வேர்க்கடலைகளை நகர்த்தி நகர்த்தி ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தினாய். உன்னை அத்தனை அழகாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால்தான் ஒவ்வொரு வார்த்தையும் என் மண்டையில் நிற்கிறது. அவள் மண்டையிலும் நிற்கிறது. அதுதான் இப்போதைய கேடு.

நீ சொன்னாய்: உடம்புக்குள் ஒரு வகை செல் கை கையாக நீட்டிக்கொண்டு திரிகிறது. எங்கே கெட்டதைப் பார்த்தாலும் அதில் ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு பக்கத்துக் கழலைக்கு ஓடுகிறது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று நெறிகட்டுகிற அந்தக் கழலைகள்தான் செல்கள் கூட்டம் போடுகிற இடம். அங்கே டி செல் என்று அடியாட்கள் காத்திருக்கிறார்கள். அந்த டி செல் தானாக எதையும் பார்த்துத் தெரிந்துகொள்ளாது. கை நீட்டுகிற செல் வந்து, ஒட்டி நின்று, துண்டை எடுத்துக் காட்ட வேண்டும். அதுவும் ஒரு கை போதாது. ஒரு கை, ‘எதிரி இவன்தான்’ என்று காட்ட, இன்னொரு கை, ‘ஆமாம், உண்மைதான், எழுந்திரு’ என்று தட்டவேண்டும். இரண்டாவது கை வராமல் முதல் கை மட்டும் வந்தால் டி செல் எழுந்திருக்காது. அதோடு போகாது, மரத்துப்போய்விடும். அப்புறம் நிஜமாகவே கூப்பிட்டாலும் காது கேட்காது. "தொட்டு ரெண்டு தடவ சொல்லணும்" என்றாள் தனம். "அதேதான் சித்தி" என்றாய்.

அப்புறம் கட்டிக்குப் போனாய். கட்டி என்றால் முழுக்கக் கெட்ட செல் என்றுதான் இருபத்திரண்டு வருடமாக நான் தூக்கிக்கொண்டிருந்தேன். இல்லை, அதற்குள் ஏகப்பட்டது நம் செல்களே என்றாய். குப்பையையும் செத்ததையும் தின்று சுத்தம் செய்கிற செல் இருக்கிறது. "அப்போ அது நம்ம டிபார்ட்மென்ட்டு" என்றாள் தனம். "ஆமா சித்தி, ஆனா கட்டி அதுங்கள மயக்கி வேலை வாங்கும். சோறு கொண்டாரவும், ரத்தக்குழாய்ங்கற ரோடு போடவும் வெச்சுக்கும்." அவள் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, "எங்க போனாலும் பெருக்குறவளத்தான்டா ஏமாத்துவானுங்க" என்றாள். டி செல் கட்டிவரைக்கும் வந்தும் ஏன் அடிக்காமல் நிற்கிறது என்று நான் கேட்டேன். நல்ல செல்கள், ‘நான் நம்ம ஆள், அடிக்காதே’ என்று சொல்ல ஒரு கை வைத்திருக்கின்றன, அந்தக் கை டி செல்லின் பிரேக்கை அழுத்தும், கட்டியும் அதே கையை நீட்டக் கற்றுக்கொள்கிறது என்றாய். சொந்த ஆள் என்று நினைத்து டி செல் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடும். எதிரிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, களைத்துப்போய், சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசியில்தான் அந்த வார்த்தையைச் சொன்னாய். சில தேசங்களில் கட்டிக்குள் சும்மா நிற்கும் அந்த டி செல்களை வெளியே எடுத்து, ஊட்டம் கொடுத்துப் பெருக்கி, திரும்ப அதே உடம்புக்குள் விடுகிறார்கள் என்று. தனம் கடலை உரிப்பதை நிறுத்தினாள். "நீ பண்ணுவியாடா?" என்று கேட்டாள். "நாங்க அதுங்க எப்படிப் பேசிக்குதுன்னு படிக்கிறோம் சித்தி" என்றாய். அது ‘இல்லை’ என்பதற்கு நீ கண்டுபிடித்த மரியாதையான சொல். அவளுக்கு அது ‘ஆமாம்’ என்று கேட்டது. அவள் முகம் மாறியதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். திருத்தியிருக்க ஒரு வார்த்தை போதும். நாம் இரண்டு பேரும் டீ குடித்தோம்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வார்டில் சம்மதப் படிவத்தோடு வந்தாய். உன் லேபுக்கு அவள் கட்டியில் மூன்று துண்டு வேண்டும். சொந்தச் சித்தியிடம் நீ கையெழுத்து வாங்கக்கூடாது, வேறு ஆள்தான் வாங்கவேண்டும் என்பது உன் லேபின் விதி என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். கையெழுத்து வாங்க வந்த பெண்ணை வெளியே உட்காரவைத்துவிட்டு, "நானே தமிழ்ல சொல்லிடுறேன்" என்று உள்ளே வந்தாய். படிவம் கன்னடத்தில் இருந்தது. எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியும், அவளுக்குத் தெரியாது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். ஏழாவது வரியில் உன் விரல் நிற்காமல் போனது. ‘இந்த ஆய்வால் உங்கள் சிகிச்சைக்குப் பலன் எதுவும் இருக்காது’ என்பதுதான் அந்த வரி. நான் உன் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? அவள் பயப்படுவாள் என்பதாலா? அதை நானே நம்பவில்லை. என் மகன் தலைமாட்டில் டாக்டர் மாதிரி நின்றுகொண்டிருந்தான், பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம். என் தங்கையின் உடம்பை விட அந்தப் பத்து நிமிடப் பெருமை எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை உன் லேபிலிருந்து டப்பா கொண்டுவரும் பெண் மேக்ரி சர்க்கிள் ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டாள். தியேட்டரில் தனத்துக்கு மயக்கம் கொடுத்தாகிவிட்டது. நீ எனக்கு ஃபோன் செய்தாய். "மா, தியேட்டர் ஃப்ரிட்ஜ்ல எங்க டியூப் இருக்கு, உள்ள பிங்க் தண்ணி இருக்கும். துண்ட அதுல போட்டு ஐஸ்ல வெச்சிடு. ஃபார்மலின் மட்டும் படக்கூடாது. உயிரோட வேணும்." நான் சரி என்றேன். உயிருள்ள செல்லை நான் அதுவரை எடுத்துச் சென்றதே இல்லை. அன்றைக்கு எனக்கு வேறு டியூட்டி போட்டுக்கொள்ளச் சொன்னார் சூப்பர்வைசர், நான்தான் கேட்கவில்லை. தங்கச்சி உள்ளே இருக்கும்போது நான் வெளியே நிற்கமாட்டேன் என்றேன். தட்டு வந்தது. அதில் இருந்தது என் தனம். டாக்டர் ஓரத்திலிருந்து பட்டாணி அளவில் மூன்று துண்டு நறுக்கிக் கொடுத்தார். கண் மறைத்தது. கை வழக்கம்போல மூடியைத் திருகியது. நான் பார்க்கும்போது அந்த மூன்றும் ஃபார்மலினுக்குள் கிடந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

இதுவரை நடந்தது தவறு. இதற்கு அப்புறம் நான் செய்தது தவறு அல்ல, திருட்டுத்தனம். அவற்றை வெளியே எடுத்து, உப்புத் தண்ணீரில் நான்கு தடவை அலசி, பிங்க் டியூபில் போட்டு, ஐஸில் வைத்து, வந்த பெண்ணிடம் கொடுத்தேன். "சரியா இருக்காம்மா?" என்று கேட்டாள். "எல்லாம் சரியா இருக்கு" என்றேன். ஏன் சொல்லவில்லை தெரியுமா? தியேட்டரில் தப்பு செய்யும் நர்ஸுக்கு மெமோ வரும். டாக்டருக்கு மீட்டிங் வரும். கான்ட்ராக்ட் அட்டெண்டருக்கு மறுநாள் கேட்டில் அட்டை வேலை செய்யாது. என் கண் எதிரே அப்படி மூன்று பேர் போயிருக்கிறார்கள். ஒருத்தி ஒரு டப்பாவில் பெயர் மாற்றி ஒட்டியதை அவளாகவே போய்ச் சொன்னாள். அவளால் ஒரு நோயாளி தப்பித்தார், அவளுக்கு வேலை போனது. அதைப் பார்த்த பிறகு எங்களில் யாரும் எதையும் சொல்வதில்லை. உண்மை சொல்பவளை வெளியே தள்ளும் ஆஸ்பத்திரியில் எத்தனை டப்பாக்கள் அலசி வைக்கப்பட்டிருக்கின்றன என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. இது எனக்குச் சாக்கு இல்லை. ஆனால் இது உண்மை.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். குரல் தாழ்ந்திருந்தது. "மா, டியூபைத் திறந்ததும் வாடை வந்துச்சு. சாயம் போட்டுப் பார்த்தேன். எல்லாமே நீலம்." உயிருள்ள செல் அந்த நீலச் சாயத்தை உள்ளே விடாது, செத்தது குடித்துவிடும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். "ஃபார்மலின்ல போட்டியா?" என்று கேட்டாய். "கை பழக்கத்துல..." என்று ஆரம்பித்தேன். "சரி விடு. யார்கிட்டயும் சொல்லாத. உன்ன தூக்கிடுவாங்க. ட்ராஃபிக்ல லேட்டாகி சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு எழுதிடுறேன்" என்றாய். நான், "சரிப்பா" என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, கௌதம். என் மகன் என்னைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தேன்.

மயக்கம் தெளிந்த தனம் கேட்ட முதல் விஷயம், "எடுத்தானா? என் செல்லு நல்லா கீதா?" நீ கட்டிலுக்கு அருகில் நின்று, "நல்லா வளருது சித்தி" என்றாய். வேறு எதுவும் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கலாம். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைச் சொன்னாய். அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை அவள் உனக்கு ஃபோன் செய்து நலம் விசாரிக்கிறாள், உன்னை அல்ல, செல்லை. "இன்னா துன்னுதுங்க?" "சத்துத் தண்ணி சித்தி, பிங்க் கலர்ல." "வேர்க்கடலை கீர்க்கடலை போட்றாத, எனுக்கே ஒத்துக்கறதில்ல." "சரி சித்தி." "எவ்ளோ ஆச்சு இப்போ?" "நிறைய சித்தி." நீ ஒவ்வொரு தடவையும் சிரித்தாய். நான் பக்கத்தில் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு கீமோ போனது. வாந்தியில் அவள் பாதியாகிவிட்டாள். மூன்றாவதுக்கு முன் உன்னிடம் கேட்டாளாம், இந்த மருந்து நல்ல செல்லையும் கொல்லுமா என்று. நீ, "கொஞ்சம் கொல்லும் சித்தி" என்று பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொன்னாய். ‘ஆனாலும் நீ போயே ஆகணும்’ என்றும் சொன்னதாக நீ சொல்கிறாய். அவள் காதில் அது விழவில்லை. அவள் கணக்கு எளிது. வெளியே கௌதம் வளர்க்கிறான், உள்ளே மருந்து கொல்கிறது, எதற்கு வளர்த்துக் கொல்லவேண்டும்? மூன்றாவதுக்குப் போகவில்லை. நான்காவது தேதியும் தாண்டிவிட்டது. அவளுக்குக் கீமோ கொடுக்கும் டாக்டரம்மா என்னை வராந்தாவில் நிறுத்தி, "நிம்ம தங்கி யாக்கே பர்லில்லா?" என்று கேட்டார். ஏன் உன் தங்கை வரவில்லை என்று. ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். பார், எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

போன மாதம் அவள் கழுத்தெலும்புக்கு மேலே, இடது பக்கம், ஒரு கொட்டை தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு, கல் மாதிரி. அவள் அதைத் தடவிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னாள்: "அக்கா, கூட்டம் போடுதுங்க. கௌதமு சொல்லல? கழுத்துலதான் கூடுவாங்கன்னு. ஆள் சேக்குதுங்க." அந்த இடத்தில் அந்தக் கொட்டை வந்தால் என்ன அர்த்தம் என்று அட்டெண்டரான எனக்கே தெரியும். உனக்கு அன்றைக்கே மெசேஜ் அனுப்பினேன். ‘டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுமா’ என்று பதில் போட்டாய். நீ கற்றுக்கொடுத்த பாடத்தை வைத்துக்கொண்டு அவள் தன் சாவைத் தடவிக் கொண்டாடுகிறாள், நீ, டாக்டரிடம் காட்டு என்று அவளிடம் என்னைச் சொல்லச் சொல்கிறாய்.

சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை, செல் செத்துவிட்டது, நான்தான் கொன்றேன் என்றதும் சிரித்தாள். "நீ இன்னா டாக்டரா? அவன் வளருதுன்றான்." இரண்டாவது தடவை எழுந்து நின்றுவிட்டாள். "உனுக்கு வயிறு எரியுது. அவன் மொதல்ல அம்மான்னு கூப்ட்டது என்ன. அத நீ இன்னும் மறக்கல. என் புள்ள எனுக்கு ஒண்ணு செஞ்சா உனுக்குப் பொறுக்கல." மூன்றாவது தடவை சொன்னபோது டிவி சத்தத்தைக் கூட்டினாள். இப்போது நான் எதைச் சொன்னாலும் அவள் முகத்தில் ஒன்றும் அசைவதில்லை. ஒரு கை மட்டும் வந்தால் மரத்துப்போகும் என்று சொன்னாயே, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் மரத்துப்போகிறாள். இரண்டாவது கை நீ. அது ஃபோனில் வராது. ஃபோனில் நீ நான்கு மாதமாக வேறு ஒன்றைச் சொல்லியிருக்கிறாய்.

நீ ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் படிவம் வெளியே வரும், விதி வெளியே வரும், குளிர் தேசம் தள்ளிப்போகலாம். அதை ஒளிக்காமல் சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ அதைச் சொல்வதில்லை. "உன் வேலைக்காகத்தான்மா பாக்குறேன்" என்கிறாய். என்னைச் சொந்த ஆள் என்று நினைத்து நீ கையை இறக்கினாய். நானும், ‘உன் அம்மாடா, அடிக்காதே’ என்று கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கை என்ன செய்யும் என்று வேர்க்கடலையை வைத்துக் காட்டியவனே நீதான். என்னை விட்டுவைத்ததற்கு நன்றி சொல்லமாட்டேன். நீ என்னை விட்டுவைத்த இடத்தில் ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் கட்டுரைகளின் கடைசியில் துண்டு கொடுத்த நோயாளிகளுக்கு நன்றி என்று ஒரு வரி போடுவீர்களாமே. அவர்களில் எத்தனை பேருக்கு ஏழாவது வரியைப் படித்துக் காட்டினீர்கள்? எங்கள் வார்டில் படுத்திருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான். டாக்டர் கோட் போட்டவன் கேட்டால் எதிலும் போடுவார்கள். நீங்கள் சாதுவானவர்களைக் கண்டுபிடிக்கவில்லை, கேட்கத் தெரியாதவர்களைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நானும் உங்களுக்குத் தட்டு தூக்கியிருக்கிறேன்.

இதை அச்சுக்குக் கொடுத்த பிறகு என் வேலை இருக்காது. ஆகவே இனி நீ காப்பாற்ற எதுவும் இல்லை. மெட்ரோ ஏறினால் கால் மணி நேரம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வா. அவள் பக்கத்தில் தரையில் உட்கார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு விஷயம் சொல்: செல் செத்துவிட்டது. அம்மா கொன்றாள். நான் மறைத்தேன். உயிரோடு இருந்திருந்தாலும் அது உனக்கு ஊசியாக வந்திருக்காது. அவள் உன்னை அடிப்பாள், அடி வாங்கு. பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு ஒன்பதரைக்கு டாக்டரம்மாவிடம் போவோம். இன்னும் செய்ய ஏதோ இருக்கிறதா இல்லையா என்பதை அவர் சொல்லட்டும். இருந்தால் நல்லது. இல்லை என்றாலும் அவள் தன் கழுத்தில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு இருக்கட்டும். அவளை அந்த அளவுக்காவது மனுஷியாக நடத்து.

பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன் இதைச் சேர்த்து எழுதுகிறேன். மேலே உள்ள பக்கங்களை எல்லாம் திங்கட்கிழமை படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். செவ்வாய் மத்தியானம் மெசேஜுக்குக் கீழே இரண்டு கோடும் நீலமாயின, நீ படித்துவிட்டாய். பதில் இல்லை. இன்று வியாழன். நீ வருகிறாய் என்று மட்டும் தனத்திடம் சொல்லியிருந்தேன், எதற்கு என்று சொல்லவில்லை. அவள் ஐந்து மணிக்கே எழுந்து குளித்துவிட்டாள். முளைத்து வரும் முடிக்கு மேல் உன் பழைய ஸ்கார்ஃபைக் கட்டியிருக்கிறாள். நான் பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் ஃப்ரிட்ஜைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். மாவு டப்பா, தக்காளி எல்லாம் தரையில் கிடக்கிறது. நடுத் தட்டை ஈரத்துணி போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள். "இன்னாடி இது?" என்றேன். "ஐஸ் டப்பா வெக்க எடம் வோணாவாக்கா? கொண்டாரான் இல்ல?" என்றாள். அந்தக் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எட்டே கால் ஆனது. எட்டே முக்கால் ஆனது. ஆறு தடவை கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. அவள் வாசலில் நின்று மெட்ரோ தூண் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கை கழுத்தில் அந்தக் கொட்டையைத் தடவிக்கொண்டிருக்கிறது. "எங்க வந்துகினு கீறான்க்கா? ஒரு ஃபோன் போட்டுக் கேளேன்" என்கிறாள். மணி ஒன்பது பத்து. கௌதம், உன் சித்தி கேட்கிறாள். ஃபோனை எடு.